முதுகுல போடுற ஊசி: கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு எந்த மருந்து, ஏன் அந்த மருந்து?

போன வருஷம் காரைக்குடியில ஒரு நர்சிங் ஹோம்ல மறுநாள் காலை ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகியிருந்த ஒரு ஆச்சியப் பார்க்க ராத்திரி போயிருந்தேன். பள்ளத்தூர் பக்கம், வயசு 60-க்கு மேல, கர்ப்பப்பை இறங்கி ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு வச்சிருந்து கடைசியில மக கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. மக கையில போன். "டாக்டர், முதுகுல போடுற ஊசியில ரோபிவக்கைன்னு ஒண்ணு இருக்காமே, அதுதான் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு போட்டிருக்கு, எங்க ஆத்தாளுக்கு அதையே போட்டுருங்க, காசப் பத்தி யோசிக்காதீங்க"ன்னாங்க. ஆச்சி கட்டில்ல படுத்தபடியே "அவ கிடக்குறா, எதப் போட்டாலும் எனக்கு வலி தெரியாமப் பாத்துக்கங்க, அது போதும்"னாங்க.

அந்த ராத்திரி அவங்களுக்கு ஒரு பத்து நிமிஷத்துல சொன்னதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் மயக்க டாக்டர். காலையில காரைக்குடி, மதியம் தேவகோட்டை, சாயங்காலம் திருப்பத்தூர்னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடுற வேலை. நான் பார்க்குற கேஸ்ல பெரும்பாதி பொம்பளைங்க ஆபரேஷன்தான், கர்ப்பப்பை எடுக்குறது, கர்ப்பப்பை கீழ இறங்கிர்ற அடி இறக்கம், ஃபைப்ராய்டு கட்டி, சினைப்பை கட்டி, கர்ப்பப்பைய சுத்தம் பண்றது, உள்ள கேமரா விட்டுப் பார்க்குற ஹிஸ்டெராஸ்கோபி. இதுல நிறைய பேருக்கு ஸ்பைனல்னு சொல்ற இந்த முதுகு ஊசிதான் போடுறோம். எந்த மருந்து நல்ல மருந்துங்குற கேள்வி வாரத்துக்கு ஒருதரமாவது வந்துரும். அந்தக் கேள்விய மருந்துல இருந்து ஆரம்பிச்சா பதில் கிடைக்காது, ஆபரேஷன்ல இருந்து ஆரம்பிக்கணும், அதத்தான் சொல்ல வரேன்.

முதல்ல இந்த ஊசி என்ன பண்ணுதுன்னு பார்த்துருவோம். இடுப்பு எலும்பு ரெண்டு பக்கமும் மேடா தட்டுப்படுற இடத்துல ஒரு கோடு போட்டா அது கிட்டத்தட்ட நாலாவது இடுப்பு முள்ளெலும்பு மேல போகும். அதுக்கு மேல ஒரு இடைவெளியோ கீழ ஒரு இடைவெளியோ பார்த்து ஊசி போடுறோம். தண்டுவடம் பெரியவங்களுக்கு முதல் இல்ல ரெண்டாவது இடுப்பு முள்ளெலும்போடயே முடிஞ்சிருது, அதுக்குக் கீழ நரம்பு வேருங்க மட்டும் தண்ணியில மிதந்துக்கிட்டு இருக்கும், அதனால ஊசி தண்டுவடத்தக் குத்திரும்னு பயப்பட வேண்டாம். அந்தத் தண்ணியில மருந்து கலந்ததும் நரம்புல சோடியம் உள்ள போற வாசல் அடைபடுது, சேதி போகாது. மெலிசான நரம்பு முதல்ல அடங்கும், ரத்தக் குழாயப் பிடிச்சு வச்சிருக்குறது, சூடு குளிர் சொல்றது, வலி சொல்றது எல்லாம் அந்த ரகம், காலத் தூக்குற தடிச்ச நரம்பு கடைசியா அடங்கும். 1898-ல ஜெர்மனியில கீல் ஊர்ல ஆகஸ்ட் பியர்னு ஒரு சர்ஜன் கோகைன வச்சு முதல்ல இதப் பண்ணினாரு, தன் முதுகுலயும் குத்தச் சொல்லிப் பார்த்துட்டு நாள் கணக்கா தலைவலியோட படுத்துக் கிடந்தாரு. அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் 'கைன்'ல முடியுற எல்லா மருந்தும் பண்றது அதே வாசல அடைக்குற வேலைதான். எவ்வளவு சீக்கிரம் அடைக்குது, எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்குது, தடிச்ச நரம்ப எவ்வளவு அடக்குதுங்குறதுலதான் வித்தியாசம்.

இப்ப அந்த ஹார்ட்டு விஷயம். மக போன்ல படிச்சது பொய் இல்ல, ஆனா வேற இடத்துக்குச் சொன்னது. நாங்க வழக்கமா போடுற புபிவக்கைன் மொத்தமா ரத்தத்துல ஏறிருச்சுன்னா இதயத்தப் பிடிச்சுக்கும், சீக்கிரம் விடாது, 1979-லயே இதப் பத்தி எச்சரிக்கை வந்துருச்சு. அதுக்கு மாத்தா வந்ததுதான் ரோபிவக்கைன், அமெரிக்காவுல 1996-ல அனுமதி கிடைச்சுது, அதுக்குப் பின்னாடியே லீவோபுபிவக்கைன். ஆனா அந்த ஆபத்து தண்டுவட உறைக்கு வெளிய மருந்து விடுற எபிடூரல்லயும் கை கால் நரம்புக்குப் போடுற பிளாக்லயும், 75, 100 மில்லிகிராம்னு நிறைய மருந்து போற இடத்துல. ஸ்பைனல்ல நாம புபிவக்கைன் போடுறது மொத்தமே 10-ல இருந்து 15 மில்லிகிராம். அத்தனையும் ரத்தத்துல போனாக்கூட இதயத்த நிறுத்துற அளவு கிடையாது. ஸ்பைனல்ல பிரஷர் இறங்குறது உண்மை, சில பேருக்கு நாடித்துடிப்பும் குறையும், ஆனா அது மருந்தோட விஷத்தன்மையால இல்ல, ரத்தக் குழாயப் பிடிச்சு வச்சிருந்த நரம்பு அடங்கிருது, கால்ப் பக்கத்து குழாயெல்லாம் விரிஞ்சு ரத்தம் அங்கயே தங்கிருது. எந்த மருந்து போட்டாலும் அதே உயரத்துக்கு ஏறினா பிரஷர் இறங்கத்தான் செய்யும். அதுக்குத்தான் டிரிப்ஸ் ஓடுது, அதுக்குத்தான் பிரஷர ஏத்துற மெஃபென்டர்மினும் ஃபினைலெஃப்ரினும், நாடித்துடிப்ப ஏத்துற அட்ரோப்பினும் சிரிஞ்ச்ல ஏத்தி கைக்கெட்டுற தூரத்துல வச்சிருக்கோம், அதுக்குத்தான் நான் ஊசி போட்டுட்டு டீ குடிக்கப் போகாம தலைமாட்டுலயே உட்கார்ந்திருக்கேன்.

உயரம்னு சொன்னேனே, பொம்பளைங்க ஆபரேஷன்ல எல்லாமே அந்த உயரத்துல இருக்கு. தியேட்டர்ல இத லெவல்னு சொல்லுவோம். டி-ன்னா நெஞ்சுப் பக்கத்து முதுகெலும்புல இருந்து வர்ற நரம்பு, நம்பர் குறையக் குறைய உயரம் கூடும். தொப்புள் டி-10, நெஞ்செலும்பு முடியுற குழி டி-6, மார்க்காம்பு டி-4. வயித்தக் கிழிச்சு கர்ப்பப்பை எடுக்கணும்னா தையல் போடுற இடம் அடிவயித்துலதான் இருக்கு, அப்ப தொப்புள் வரைக்கும் மரத்தா போதாதான்னு கேப்பாங்க. போதாது. உள்ள வயித்து ஜவ்வத் தொட்டு, குடல மேல ஒதுக்கி பஞ்சு வச்சு அடைக்கும்போது அந்தச் சேதி போற நரம்பு ரொம்ப மேல போய்ச் சேருது, அதனால டி-6, டி-4 வரைக்கும் மரக்கலைன்னா கத்தி வலி தெரியாது, ஆனா நெஞ்சுக்குழியில பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும், குமட்டும். கீழ்வழியா எடுக்குற அடி இறக்கத்துக்கு அந்த அளவு உயரம் பல நேரம் தேவைப்படாது, ஆனா கர்ப்பப்பைய இழுக்கும்போது மேலயும் இழுபடும், அதனால தொப்புளோட நிறுத்திக்க முடியாது. சுத்தம் பண்றதுக்கும் ஹிஸ்டெராஸ்கோபிக்கும் டி-10 போதும். பார்த்தோலின் கட்டி மாதிரி பிறப்புறுப்பு வாசல்லயே இருக்குற வேலைக்கு உட்கார்ற இடம் மட்டும் மரத்தா போதும்.

இந்த உயரத்த எப்படிக் கொண்டுவர்றதுங்குறதுக்கு நான் ஜூனியர் பிள்ளைங்களுக்கு நன்னாரி சர்பத்தத்தான் காட்டுவேன். கண்ணாடி கிளாஸ்ல தண்ணி இருக்கு, மேல இருந்து நன்னாரி எசன்ஸ ஊத்துனா என்ன ஆகும், கலக்குற வரைக்கும் அப்படியே அடியில போய் உட்காரும், கிளாஸ சாய்ச்சா அதுவும் சாயும். ஹெவின்னு நாங்க சொல்ற மருந்து அதேதான். 0.5 சதவீத புபிவக்கைன் ஹெவி 4 மில்லி ஆம்பியூல்ல வருது, ஒவ்வொரு மில்லியிலயும் 5 மில்லிகிராம் மருந்து, கூட 80 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ், சர்க்கரைதான். அந்தச் சர்க்கரையால அது முதுகுத் தண்ணிய விட கனம். உட்கார வச்சு ஊசி போட்டு உடனே மல்லாக்கப் படுக்க வச்சா, இடுப்பு வளைவு மேடா இருக்கும், முதுகு நடுப் பகுதி பள்ளமா இருக்கும், மருந்து மேட்டுல இருந்து வழிஞ்சு அந்தப் பள்ளத்துக்குப் போய் நிக்கும், அந்தப் பள்ளம் டி-5, டி-6 பக்கம். வயித்த ஆபரேஷனுக்கு நமக்கு எந்த உயரம் வேணுமோ அங்கயே உடம்பு பள்ளம் வெட்டி வச்சிருக்கு, நினைச்சுப் பார்த்தா எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு. சர்க்கரை இல்லாத பிளெயின் மருந்து அப்படி சொன்ன பேச்சு கேக்காது, ஒருத்தருக்கு தொப்புளோட நிக்கும், இன்னொருத்தருக்கு மார் வரைக்கும் ஏறும்.

இதுல நான் பட்ட பாடு ஒண்ணு சொல்லணும். படிச்சு முடிச்சு வந்த புதுசு, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில, பேர் வேண்டாம், வயித்தக் கிழிச்சு கர்ப்பப்பை எடுக்குற கேஸ். தலையணையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முதுக வளைச்சு உட்காரச் சொல்லி, மூணாவது நாலாவது எலும்புக்கு நடுவுல தண்ணி சொட்டுச் சொட்டா தெளிவா வந்துச்சு, 3 மில்லி ஹெவி போட்டேன், எல்லாம் சரி. பிளாஸ்டர் ஒட்டுறப்ப டேபிள் லாக் பிடிச்சுக்கிச்சு, அதச் சரி பண்றதுக்குள்ள அவங்க அப்படியே உட்கார்ந்திருந்தாங்க, மூணு நாலு நிமிஷம் இருக்கும். படுக்க வச்சு பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு கீழ இருந்து மேல தடவிக்கிட்டே வரேன், "இங்க ஜில்லுன்னு இருக்காம்மா", "இல்ல", "இங்க", "இல்ல", தொப்புளுக்கு மேல ரெண்டு விரல் போனதும் "ஆங், இருக்கு". தலைப் பக்கம் டேபிள இறக்கியும் அதுக்கு மேல ஏறல. ஆபரேஷன் ஆரம்பிச்சு குடல ஒதுக்கினதும் அந்தம்மா முகம் வெளுத்து "ஏதோ பிடிச்சு இழுக்குறாங்க சார்"னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் முழு மயக்கம் கொடுத்துத்தான் முடிச்சோம். மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு. உட்கார்ந்திருந்த அந்த மூணு நாலு நிமிஷத்துல எசன்ஸ் அடியில இறங்கி நின்னுருச்சு. அதுக்கப்புறம் நான் டேபிள் லாக்க கையால அசைச்சுப் பார்க்காம ஆம்பியூல உடைக்குறதே இல்ல.

சரி, மருந்துகளுக்கு வருவோம். கர்ப்பப்பை எடுக்குற வேலைக்கு புபிவக்கைன் ஹெவிதான் பெரும்பாலும் எங்க கை போற மருந்து. 2.5-ல இருந்து 3 மில்லி, பத்து நிமிஷத்துக்குள்ள லெவல் வந்துரும், ரெண்டு ரெண்டரை மணி நேரம் தாராளமா நிக்கும், வயித்துத் தசை நல்லாத் தளர்ந்து கொடுக்கும், சர்ஜனுக்கு அது முக்கியம். ரோபிவக்கைன்லயும் ஹெவி இப்ப வருது. அது கொழுப்புல கரையுறது கம்மி, அதனால வீரியமும் கம்மி, அதே வேலை நடக்கணும்னா மில்லிகிராம் கூடப் போடணும். தடிச்ச நரம்ப அவ்வளவா அடக்காது, கால் சீக்கிரம் அசையும், மரத்துப் போற நேரமும் புபிவக்கைன விடக் குறைவு. பிரஷர் இறங்குறது கொஞ்சம் மெதுவா, கம்மியா இருக்குன்னு சில ஆய்வுல வந்திருக்கு, ஆனா லெவல் அதே உயரம் போனா பெரிய வித்தியாசத்த நான் பார்க்கல. லீவோபுபிவக்கைன் ஸ்பைனல் அளவுல புபிவக்கைனுக்கு கிட்டத்தட்ட ரெட்டைப் பிறவி மாதிரிதான், நேரமும் அதே, உயரமும் அதே.

கால் சீக்கிரம் அசையுறது நல்லதுதானேன்னு தோணும். இங்கதான் ஆபரேஷன்ல இருந்து யோசிக்கணும்னு சொன்னேன். அடி இறக்கத்துக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டு முன் சுவர், பின் சுவர் ரெண்டையும் தைச்சு ஏத்தணும், ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும். முன்னாடி ரெண்டு சிசேரியன் ஆனவங்க வயித்தத் திறந்தா மூத்திரப் பை கர்ப்பப்பையோட ஒட்டிப் போய்க் கிடக்கும், பிரிச்சு எடுக்கவே ஒரு மணி நேரம் போயிரும். நடுவுல மருந்து இறங்க ஆரம்பிச்சா என்ன பண்றது. அதோட அன்னைக்கு ராத்திரி முழுக்க அவங்களுக்கு மூத்திரக் குழாய் இருக்கப் போகுது, மறுநாள் காலையிலதான் எந்திரிச்சு நடக்கப் போறாங்க. ரெண்டு மணி நேரத்துல கால் வந்தா என்ன, மூணு மணி நேரத்துல வந்தா என்ன. சும்மா கட்டில்ல படுத்திருக்கப் போறவங்களுக்கு சீக்கிரம் கால் வரணும்னு விலை கூடின மருந்தப் போட்டு, வலி சீக்கிரம் ஆரம்பிக்குறதுதான் மிச்சம்.

லிக்னோகைன் கதை தனி. ஸ்வீடன்ல 1943-ல கண்டுபிடிச்சு, 1948-ல இருந்து சந்தைக்கு வந்து, அரை நூற்றாண்டு ஸ்பைனல்ல ராஜா மாதிரி இருந்துச்சு. சீக்கிரம் பிடிக்கும், ஒரு மணி ஒன்றரை மணியில விட்டுரும், சுத்தம் பண்றதுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. 1993-ல ஒரு விஷயம் எழுதினாங்க, 5 சதவீத லிக்னோகைன் ஹெவி போட்ட நாலு பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சு மருந்து முழுசா இறங்கினதுக்கு அப்புறம் புட்டத்துலயும் தொடையிலயும் கடுமையான வலி. அந்த நாலு பேரும் காலத் தூக்கி ஸ்டிரப்ல கட்டுற லித்தாட்டமி பொசிஷன்ல ஆபரேஷன் ஆனவங்க. நம்ம பொம்பளைங்க ஆபரேஷன்ல கீழ்வழியா பண்றதெல்லாம் அந்தப் பொசிஷன்லதான். கால் மடக்கித் தூக்குறப்ப கீழ்ப் பக்கத்து நரம்பு வேர் இழுபட்டு ரத்த ஓட்டம் குறையுறதுனால மருந்தோட எரிச்சல் கூடுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. வலி ஒரு நாளைக்குள்ள ஆரம்பிச்சு சில நாள்ல தானா போயிரும், கால் செயல் இழக்குறதெல்லாம் கிடையாது, ஆனா ஆபரேஷன் வலிய விட இது மோசமா இருந்துச்சுன்னு சொன்னவங்க உண்டு. புபிவக்கைன்ல இது ரொம்ப அபூர்வம், லிக்னோகைன்ல பல மடங்கு அதிகம்னு பின்னால வந்த ஆய்வெல்லாம் ஒரே மாதிரி சொல்லுச்சு. நல்ல மருந்துதான், ஆனா நம்ம பொசிஷனுக்கு ஒத்து வரல. நான் லித்தாட்டமியில லிக்னோகைன் ஸ்பைனல் போடுறது இல்ல.

லிக்னோகைன் காலி பண்ணின அந்த இடம் ரொம்ப நாள் வெறுமையா இருந்துச்சு. இருபது நிமிஷ வேலைக்கு ரெண்டரை மணி நேர மருந்தப் போட்டா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியவங்க கால் வந்தும் மூத்திரம் வராம வயிறு உப்பித் தவிப்பாங்க, ஏன்னா மூத்திரப் பையோட நரம்பு எஸ்-2, எஸ்-3, எஸ்-4, முதுகெலும்போட அடியில இருந்து வர்றது, கடைசியா திரும்பி வர்ற இடம் அதுதான். அளவக் குறைச்சு 1.5 மில்லி புபிவக்கைன் ஹெவி போட்டு கூட ஃபென்டானில்ங்குற வலி மருந்து சேர்த்துச் சமாளிப்போம், அது ஒரு வழி. இப்ப குளோரோபுரோகைன் 1 சதவீதம் திரும்பி வந்திருக்கு. இதுக்கும் ஒரு பழைய கெட்ட பேர் உண்டு. 1980-கள் ஆரம்பத்துல எபிடூரலுக்குன்னு போட்ட பெரிய அளவு தெரியாம ஸ்பைனல் தண்ணிக்குள்ள போய் சிலருக்கு நரம்பு பாதிச்சுது. அந்த மருந்துல கெடாம இருக்கச் சேர்த்த பைசல்ஃபைட்டு மேலயும் அதோட அமிலத்தன்மை மேலயும்தான் பெரும்பாலும் பழி விழுந்துச்சு. இப்ப வர்றதுல அந்தப் பிரசர்வேட்டிவ் இல்ல, அமெரிக்காவுல 2017-ல ஸ்பைனலுக்குன்னே அனுமதி கொடுத்தாங்க. 40, 50 மில்லிகிராம் போட்டா ஒரு மணி நேரம் பக்கம் வேலைக்கு நிக்கும், ரெண்டு ரெண்டரை மணியில எந்திரிச்சு நடக்கலாம். ஒரு மணி நேரத்தத் தாண்டுற வாய்ப்பு இருந்தா மட்டும் இதத் தொடவே கூடாது.

கூடச் சேர்க்குற மருந்தப் பத்தி ரெண்டு வார்த்தை. ஃபென்டானில் 10-ல இருந்து 25 மைக்ரோகிராம் சேர்த்தா அந்த உள் இழுப்பு வலி நல்லா அடங்கும், கொஞ்சம் அரிப்பு இருக்கும். மார்ஃபின் 100, 150 மைக்ரோகிராம் போட்டா ஒரு நாள் கிட்ட வலி தெரியாது, ஆனா ராத்திரி மூச்சு மெதுவாகுற வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, மணிக்கு ஒருதரம் மூச்ச எண்ண ஆள் இல்லாத இடத்துல நான் போடமாட்டேன். எங்க ஊர் நர்சிங் ஹோம் பலதுல ராத்திரி ஒரே ஒரு சிஸ்டர்தான் ரெண்டு மாடியையும் பார்த்துக்கணும். அதே மாதிரி வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோபிக்கு ஏன் ஸ்பைனல் போடல, முழு மயக்கம் ஏன்னு கேக்குறவங்களுக்கு, வயித்துக்குள்ள கேஸ் அடிச்சு தலைகீழா சாய்க்கும்போது மூச்சு முட்டும், உதரவிதானம் உரசி தோள்பட்டை வலிக்கும், அந்த வலி கழுத்து நரம்பு வழியா வர்றது, முதுகுல போடுற எந்த மருந்தும் அங்க போகக் கூடாது.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். வயசானவங்களுக்கு அதே மருந்து மேல ஏறும், குள்ளமானவங்களுக்கும் அப்படி. அஞ்சு மாசக் கர்ப்பம் அளவு ஃபைப்ராய்டு இருந்தா அது பெரிய ரத்தக் குழாய அமுக்கி முதுகுத் தண்ணி இருக்குற இடத்தையே சுருக்கிரும், அவங்களுக்கும் குறைச்சுத்தான் போடணும், படுக்கும்போது இடது பக்கம் லேசா சாய்க்கணும். தலைவலி வர்றது மருந்தால இல்ல, ஊசி ஓட்டையால, 25, 27 நம்பர் மெலிசு ஊசி, அதுலயும் பென்சில் முனை ஊசின்னா ரொம்பக் குறையும், எந்திரிச்சா வலிச்சு படுத்தா விடுதுன்னா உடனே எங்களுக்குச் சொல்லுங்க. ஊசி போட்டதுனால வாழ்நாள் முழுக்க முதுகுவலிங்குறது எங்க பக்கம் வளவுக்கு வளவு பேசுற பேச்சு, ஸ்பைனல் போட்டவங்களுக்கும் முழு மயக்கம் வாங்கினவங்களுக்கும் நாள்பட்ட முதுகுவலியில வித்தியாசம் இல்லன்னுதான் பார்த்திருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை சாப்பிடுறத மட்டும் எந்தக் காரணத்துக்கும் மறைக்காதீங்க, அது எந்த மருந்துங்குற கேள்விய விட ரொம்பப் பெருசு.

பள்ளத்தூர் ஆச்சிக்கு மறுநாள் 2.4 மில்லி புபிவக்கைன் ஹெவி, கூட ஃபென்டானில். லெவல் டி-6-ல நின்னுச்சு, பிரஷர் ஒருதரம் 90-க்கு வந்துச்சு, 6 மில்லிகிராம் மெஃபென்டர்மின்ல ஏறிக்கிச்சு. வேலை ஒன்னே முக்கால் மணி நேரம். பாதி நேரம் கந்தரப்பத்துக்கு மாவு எந்தப் பதத்துல இருக்கணும்னு சிஸ்டருக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

மூணு மாசம் கழிச்சு அதே மக வந்தாங்க, இந்தத் தடவை அவங்களுக்கே, கர்ப்பப்பைக்குள்ள சின்னதா ஒரு பாலிப், சதை வளர்ச்சி, அதுக்கு ஹிஸ்டெராஸ்கோபி, வீசிங் இருக்குறதால முழு மயக்கம் வேண்டாம்னு முடிவு. "டாக்டர், ஆத்தாளுக்குப் போட்டீங்களே, அதே மருந்தப் போட்டுருங்க, அது ராசியான மருந்து"ன்னாங்க. இல்லம்மா, உங்களுக்கு இருபது நிமிஷ வேலை, உங்களுக்கு வேற மருந்துன்னு சொல்லி குளோரோபுரோகைன் 40 மில்லிகிராம் போட்டேன். காலையில 10 மணிக்கு ஊசி, 1 மணிக்கு முன்னாடி தானா பாத்ரூம் போயிட்டு வந்தாங்க, 4 மணிக்கு ஆச்சி கொண்டுவந்த தூக்குச் சட்டிய கையில எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் படி இறங்கிப் போனாங்க.